என் மனைவிக்கும் வரக்காப்பொல சாருக்கும் ஒரே ஜீன்

கண்டி பஸ் கேகாலைக்கு வரும்போதே அதில் என் மனைவிக்கு ஒரு சீட் காத்திருக்கும். வரக்காப்பொலயில் ஏறிய மனிதர் ஒருவர் தன் பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்து அதைப் பிடித்துக்கொண்டு வருவார். அவள் ஏறியதும் பை அவர் மடிக்குப் போகும். "இருங்கோ தங்கச்சி" என்பார். எனக்கு "வாங்கோ தம்பி" மட்டும்தான். நான் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாவனல்லை தாண்டி, கடுகண்ணாவை ஏற்றமும் ஏறி முடியும் வரை, அவர்கள் இருவருடைய உச்சந்தலைகளையும் பார்த்தபடி நிற்பேன். மாதாமாதம் கிளினிக் நாளில் இதுதான் என் பயணம்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வரக்காப்பொலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். வயது நாற்பதுக்கு மேல். என்னைவிட அழகில்லை, இதை என் மனைவியே ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார், மனதிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வயிறு எரிகிறது. வேறு எந்த ஆம்பிளையோடு அவள் இப்படிச் சிரித்துப் பேசியிருந்தாலும் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். இந்த ஆளோடு சண்டை போட வழியில்லை. அவருக்கும் என் மனைவிக்கும் ஒரே வியாதி. எங்கள் கிளினிக்கில் அந்த வியாதி உள்ளவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

நான் ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பால் வெட்டுகிறவர்களைப் பார்ப்பதும், கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழுந்தால் சத்தம் போடுவதும் என் வேலை. அவள் என் மாமன் மகள். என் அம்மாவும் அவள் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். அவள் பிறந்த வீட்டுக்கு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், "இந்தாடா, ஒன் பொண்டாட்டி" என்று காட்டினார்களாம். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான்.

சின்ன வயதிலிருந்தே அவள் வாயில் வெள்ளை படிந்த புண் ஆறாது. கை விரல்கள் திடீரென்று மடங்கி இறுகிக்கொள்ளும். வலிப்பும் வந்திருக்கிறது. வெளியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். "சொந்தம் விட்டுப் போகக் கூடாது" என்றார் அம்மா. அம்மா சொல்லாவிட்டாலும் நான் அவளைத்தான் கட்டியிருப்பேன். ஒருத்தரும் எடுக்காத பெண்ணை எடுத்தவன் என்று எனக்கு ஒரு பெருமை. முறை மாப்பிள்ளை என்றால் சும்மாவா? அவள் விஷயத்தில் எனக்கு மேலே ஒருவன் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் பிள்ளை இல்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து தேர் ஓடும் வரைக்கும் உப்பில்லாச் சோறு. அந்த வருடம் அவள் உடம்பு கறுத்துக்கொண்டே வந்தது. வெயிலில் பால் வெட்டப் போகிறாள், கறுக்கத்தானே செய்யும் என்று பேசிக்கொண்டோம். ரப்பர் காட்டுக்குள் ஏது வெயில்? அதை யோசிக்கிற புத்தி ஒருவருக்கும் வரவில்லை. தேருக்கு முன்பே, கோயில் வாசலில் தப்புச் சத்தத்துக்கு நடுவில், அவள் ஆடி விழுந்தாள். சாமி வந்திருக்கிறது என்று பெண்கள் குலவை போட்டார்கள். திருநீறு பூசினார்கள், வேப்பிலையால் அடித்தார்கள், "என்னா வேணும் தாயி, சொல்லு" என்று கேட்டார்கள். தாயிக்கு உப்பு வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? கை கால் ஜில்லிட்டுப் போன பிறகுதான் தோட்டத்து லொறியில் ஏற்றிக் கேகாலைக்கு ஓடினோம்.

கேகாலையிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டர் நோனா, சிங்கள அம்மா ஒருவர், அவளைப் பிழைக்க வைத்தார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் செத்துவிட்டன என்றார். உடம்பில் உப்பை நிறுத்தி வைக்கிற ஹோர்மோன் அவளுக்கு ஊறுவதே இல்லை. அப்படிப்பட்டவளை நாங்கள் சாமி பேரால் உப்பில்லாமல் கிடத்தியிருக்கிறோம். கழுத்தில் இருந்துகொண்டு கல்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் சுரப்பி அதற்கு எவ்வளவோ காலம் முன்பே போய்விட்டதாம். சின்ன வயது வலிப்பெல்லாம் அதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மூலம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் என்ற சுரப்பி. இதை எனக்கு விளங்க வைத்தவர் அந்த சார். அதுவே ஒரு எரிச்சல். இரத்தத்தில் ஓடுகிற காவல்காரர்களுக்கு, எது நம் உடம்பு, எது வெளியிலிருந்து வந்தது என்று தைமஸ்தான் காட்டிக் கொடுக்குமாம். அதற்கு ஒரு ஜீன் சரியாக இருக்க வேண்டும். அவளுக்கும் அவருக்கும் அது பிழை. ஆகவே காவல்காரர்கள் சொந்தச் சுரப்பிகளையே ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள், ஒவ்வொரு ஹோர்மோனாக நின்றுபோகிறது. "புதுசா வந்தவனுக்கு எல்லக் கல்லக் காட்டாம கத்தியக் குடுத்த மாதிரி" என்று நான் சொன்னேன். "அதேதான் தம்பி, வடிவாச் சொன்னியள்!" என்று சார் கையைத் தட்டினார். எனக்கு மார்க் போடுகிறாராம்.

கிளினிக் வாங்கில் உட்கார்ந்து அவர்கள் முதன்முதலாகப் பேசியது உப்பைப் பற்றி. எங்கள் பக்கம் மழைக்காடு; அட்டை கடிக்காமலிருக்க, பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு துணியில் உப்பு முடிந்துகொண்டு போவார்கள். சார் சொன்னார்: "எனக்கு வருத்தம் இன்னதெண்டு பிடிபட முன்னம், உப்புப் போத்தலை அலுமாரிக்குள்ளை ஒளிச்சு வைச்சு நக்கினனான் தங்கச்சி." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நா அட்டைக்குக் கொண்டு போற உப்பத் தின்னுருவேன் சார். அட்ட கடிச்சா கடிச்சிட்டுப் போகுதுன்னு விட்ருவேன்" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கால் முழுக்க அட்டைக்கடியில் இரத்தம் வடிந்த நாள்களில் நானே துடைத்துவிட்டிருக்கிறேன். உப்பு எங்கே என்று கேட்டால், "மழையில கரைஞ்சி போச்சி மச்சான்" என்பாள். கட்டியவனுக்கு மழை, யாரென்றே தெரியாத மனிதருக்கு, வாங்கில் உட்கார்ந்த சூடு ஆறுமுன்னே உண்மை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவள் தண்ணி பிடிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு பிடி உப்பை வாயில் போட்டுப் பார்த்தேன். அவர்களுக்கு மட்டும் தெரிந்த அந்த ருசி எனக்கும் தெரியட்டுமே என்று. குமட்டிக்கொண்டு வர, பின்பக்கக் கழிவுநீர்க் கானுக்கு ஓடினேன். "என்னாத்தத் தின்னீங்க மச்சான்?" என்று குடத்தோடு ஓடி வந்தாள். பழைய சோறு என்றேன்.

பிறகு அவள் பேச்சு மாறியது. 'ஆமா' போய் 'ஓம்' வந்தது. சோறாக்கியாச்சா என்றால் ஓம். கதவைப் பூட்டினியா என்றால் ஓம். எங்கள் லயத்து வீடுகளில் யாரும் அப்படிப் பேசியதில்லை. "நீ என்ன, யாழ்ப்பாணத்துல பொறந்தவளா?" என்று கேட்டேன். "வாயில வந்துருச்சி, அதுக்கு ஏன் இப்புடி மூஞ்சத் தூக்குறீங்க?" என்றாள். மூஞ்சியைத் தூக்காமல் என்ன செய்வது?

ஒரு நாள் ஸ்டோரில் நின்று பால் அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சார். "தம்பி, தங்கச்சிக்குக் காய்ச்சல். குளிசையைக் கூட்டிப் போடச் சொல்லியிருக்கிறன். சத்தி எடுத்துக் குளிசை வெளியிலை வந்தா மட்டும் நிக்காமல் ஊசிக்குக் கொண்டு போங்கோ." எங்கள் லயம் ஸ்டோருக்கு மேலேதான், கூப்பிட்டால் கேட்கும். என் மனைவிக்குக் காய்ச்சல் என்ற செய்தி வரக்காப்பொலயைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வருகிறது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க பயந்து போயிருவீங்க மச்சான். அவருக்குன்னா ஒடனே வெளங்கும்."

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. நெற்றியில் கை வைக்கப் போனேன். ரப்பர் பால் நாற்றம் தாங்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜீன் வைத்தியம் என்ற பேச்சு வந்தது அதற்குப் பிறகு, பஸ்ஸில்தான். சார் போனில் என்னவோ வாசித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "பிழையான ஜீனுக்குப் பதிலா நல்ல ஜீனை உள்ளுக்கு அனுப்பலாமோ எண்டு பாக்கினம் தங்கச்சி. ஒரு வைரசின்ரை கெட்ட குணத்தை எடுத்துப்போட்டு, அதுக்குள்ளை வைச்சு அனுப்புறது. தைமஸ் பழுதாகி ஹோர்மோன் குறைஞ்ச எலியளிலை செய்து பாத்திருக்கினம்."

"எலிக்கு நல்லாயிருச்சா சார்?"

"சில எலியளுக்குப் பலன் இருக்கெண்டுதான் எழுதியிருக்கினம். மனிசருக்கு இன்னும் வரேல்லை."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "குடுத்து வச்ச எலி" என்றாள். அந்தக் குரலில் அவள் என்னைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. எங்கேயோ வெளிநாட்டில் கூண்டுக்குள் இருக்கிற எலியையும் அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

"வந்தா ரெண்டு பேருமாப் போய்ச் செய்விப்பம்" என்றார் சார்.

"ஓம் சார்."

"அப்ப நானு?" என்று மேலேயிருந்து கேட்டேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அங்கே நிற்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது போல இருந்தது.

"நீங்க எதுக்கு மச்சான்? ஒங்களுக்குத்தான் ஒன்னும் இல்லயே" என்றாள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. அவள் நோயில் எனக்கு ஒன்றும் இல்லை. சாருக்கு எல்லாம் இருக்கிறது.

அன்றைக்கு அவள் டாக்டர் நோனாவிடமே கேட்டுவிட்டாள். சிங்களத்தில் அவள் என்னைவிட நன்றாகப் பேசுவாள். நோனா மறைக்காமல் சொன்னார். அந்த வைத்தியம் ஒரு நாள் வந்தாலும் அவளுக்குப் பெரிதாக உதவாது. செத்த சுரப்பி திரும்ப முளைக்காது. சின்னக் குழந்தைக்கு, சுரப்பிகள் கெடுவதற்கு முன்னால் கொடுக்க முடிந்தால் ஒருவேளை காப்பாற்றலாம். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு அவர் பிள்ளைப் பேச்சை எடுத்தார். இந்த வியாதி சூலகத்தையும் விடாது, இப்போதைக்குத் தப்பியிருக்கிறது, பிள்ளை வேண்டுமென்றால் தள்ளிப் போடாதீர்கள், மருந்தோடு கவனமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். அவள் என் கையைப் பிடித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த அறையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

"மாத்தயா வெளி ஆள்தானே? சொந்தமில்லையே?" என்று நோனா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மகே மாமாகே துவ!" என்றேன். என் மாமனுடைய மகள். நிமிர்ந்து உட்கார்ந்து, அழுத்திச் சொன்னேன். எங்கே போனாலும் நான் பெருமையாகச் சொல்கிற வார்த்தை அது. நோனா பேனாவைக் கீழே வைத்தார்.

அப்பாவிடமிருந்து ஒரு பிழை, அம்மாவிடமிருந்து ஒரு பிழை, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வியாதி வரும். அவளிடம் இரண்டும் இருக்கின்றன. ஆகவே பிறக்கிற பிள்ளைக்கு ஒன்று கட்டாயம் போகும். அந்த ஒன்றால் கெடுதல் இல்லை. ஆனால் அவளுக்கு வந்த அதே பிழை ஒன்று என் அம்மா வழியாக எனக்கும் வந்திருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வியாதி பாதிக்குப் பாதி. என் இரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சார் கட்டியது சொந்தமில்லாத பெண்ணை. அவருடைய மகள் பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் ஓடுகிற படத்தைப் பஸ்ஸில் எங்களுக்குக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்தபோது வராத பொறாமை, நோனா சொல்லி முடித்த அந்த நேரத்தில் மொத்தமாக வந்தது.

இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாள்களில் என் மனம் என்ன மனம் என்று எனக்கே விளங்கவில்லை. பிள்ளையை நினைத்தால் எனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. சாரை நினைத்தால், எனக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றும். மாரியம்மன் முன்னால் நின்று இரண்டையும்தான் வேண்டினேன். எந்த வேண்டுதலைக் கேட்பது என்று அம்மனே குழம்பியிருப்பாள்.

முடிவு வந்த நாளில் நோனா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "மாத்தயாவுக்கும் ஒன்று இருக்கிறது."

எனக்குச் சந்தோசம் வந்தது. உள்ளதைச் சொல்வதென்றால் முதலில் வந்தது அதுதான். அவள் பக்கம் திரும்பி, "எனக்கும் இருக்கு புள்ள!" என்றேன். வாய் சிரித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நோனா என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது.

வெளியே வாங்கில் காத்திருந்த சாரிடம், "இவருக்கும் இருக்காம் சார்" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு சீட்தான் கிடைத்தது. "நீங்கள் இருங்கோ தம்பி" என்று சார் என்னை அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தூரத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாவனல்லையில் பஸ் நின்று ஆள் ஏற்றும்போது, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க வேத்தாளா இருந்திருக்கலாம் மச்சான்."

கோபமில்லை, குத்தலில்லை. மழை பெய்யாமல் இருந்திருக்கலாம் என்பது போலச் சொன்னாள். ஊரில் எந்த வேற்றாளைக் கட்டியிருந்தாலும் அவளுக்குச் சுகமான பிள்ளை பிறந்திருக்கும். பெண் பார்க்க வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன அந்த ஆள்களில் எவனாவது ஒருவனுக்கு மனம் வந்திருந்தால் போதும். அவனால் கொடுக்க முடிந்ததை முறை மாப்பிள்ளை என்னால் கொடுக்க முடியாது. அவன் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. இப்போது அவன் மேலும் எரிகிறது.

மறுநாள் காலையில் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அந்த வைத்தியம் வரட்டும்னு காத்திருந்தா அதுக்குள்ள எனக்கு உள்ள எல்லாம் போயிரும்னு நோனா சொல்றாங்க. காத்திருக்காம பெத்தா, என்னய மாதிரி ஒன்னப் பெத்தாலும் பெப்பேன். அது உப்புக்கு அலையும், வலிப்பு வந்து விழும், நா பாத்துக்கிட்டு இருக்கணும். நீங்க சொல்லுங்க மச்சான். பெத்துக்குவமா, காத்திருப்பமா, வேணாமா?"

"சார்ட்ட கேட்டியா?"

"இதப் போயி அவருட்ட எப்புடிக் கேக்குறது? இது நம்ம ரெண்டு பேரு விசயம்."

அவரை விட்டுவிட்டு என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி. எவ்வளவு காலமாக ஏங்கியிருக்கிறேன் இதற்கு! வந்து சொல்கிறேன் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனேன். ஆள்களைப் பிரித்து அனுப்பிவிட்டு, ஆள் இல்லாத மேட்டுக்கு ஏறி, என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானாகவே அவருக்குப் போன் அடித்தேன்.

"சார், அந்த ஜீன் வைத்தியம் எப்ப சார் வரும்? ஒரு அஞ்சாறு வருசத்துல வந்துருமா? வந்துரும்னு நீங்க சொன்னா நாங்க புள்ள பெத்துக்குவம் சார். வியாதியோட பொறந்தாலும், சுரப்பியெல்லாம் கெடுறதுக்கு முந்திக் காப்பாத்திறலாம்ல?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற மனிதர் அவர். பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"தெரியாது தம்பி" என்றார். "வரும் எண்டு சொல்ல எனக்கு ஆசையாத்தான் கிடக்கு. ஆனால் தெரியாது. நான் பொய் சொல்லி, தங்கச்சி நம்பிப் பெத்து..." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு அவர் விம்முவது நன்றாகவே கேட்டது.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்றேன். என் மனைவிக்காக, எனக்குப் பிறக்கப் போகிற, இல்லை பிறக்காமலே போகப் போகிற பிள்ளைக்காக, அந்த ஆள் அழுகிறார். நான் இன்னும் அழவில்லை. அதிலும் எனக்கு முந்திக்கொண்டார்.